உப்பு விளையும் கரையில் உளுந்தும் எள்ளும்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே மாப்பிள்ளையூரணி வழியாகத் தருவைக்குளம் நோக்கிச் செல்வோரின் கண்களுக்கு உப்பளங்கள் புதியவையல்ல. தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை பாத்திகளில் உப்பு வெண்மையாய்ப் பூத்துக் கிடக்கும். இந்திய நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பது தமிழகம். அதிலும் பெரும்பங்கு இம்மாவட்டத்துடையது. இக்கரையில் பலருக்குச் சோறு போடும் இந்த உப்பே, அளவு மீறி உணவில் சேரும்போது இரத்தக் கொதிப்பை வளர்க்கிறது.

சில மாதங்களுக்கு முன் இப்பகுதியில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் நெடுங்காலம் உப்பு மூட்டை பிடித்தவர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான பெண்மணியும் அந்நேரம் வந்து சேர்ந்தார். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் நோயாளியின் வாசலுக்கே வருகின்றன. அன்று அவருடைய அழுத்தம் 170க்கு 100 என்று காட்டியது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா அண்ணாச்சி?" என்றார் அப்பெண்மணி.

"மூணு வாரமா நிறுத்திட்டேன்மா. ஆளி விதைப் பொடி சாப்பிடுறேன். அதுவே போதும்னு கைப்பேசியில வந்துச்சு. உடம்புல ஒரு கோளாறும் இல்லையே!"

கோளாறு தெரியாதிருப்பதுதான் இந்நோயின் கொடுமை. தலைவலியோ மயக்கமோ இன்றிப் பல்லாண்டுகள் உள்ளேயே இருந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். சிறுநீரகத்தைச் சிறுகச் சிறுகக் கெடுப்பதும் உண்டு.

ஆளி விதையைப் பற்றி அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யுமன்று. கனடா நாட்டில் கால் இரத்தக் குழாய்கள் சுருங்கிய நோயாளர் 110 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. நாள்தோறும் 30 கிராம் பொடித்த ஆளி விதையை ரொட்டி முதலியவற்றில் கலந்து ஆறு மாதம் உண்டவர்களுக்கு, உண்ணாதவர்களைவிட மேல் அழுத்தம் ஏறத்தாழ 10 புள்ளி குறைந்திருந்தது. ஆனால் அவர்களிற் பலர் தம் வழக்கமான மருந்துகளையும் உட்கொண்டு வந்தவர்களே. விதை மருந்துக்குத் துணை நின்றது. மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. கைப்பேசிச் செய்தியில் விடுபட்டுப் போனது இந்தப் பாதிதான்.

விடுபட்டது இன்னொன்றும் உண்டு. அன்று மதியம் அண்ணாச்சியின் இலையைப் பார்த்தோம்: வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய், இரண்டு அப்பளம், ஓரத்தில் மோர் மிளகாய். பக்கத்தில் ஒரு தேக்கரண்டி ஆளி விதைப் பொடி! உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அந்த ஓர் இலையிலேயே அந்த அளவு தீர்ந்திருக்குமோ என்று அஞ்சினோம்.

உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கிவைப்பதால் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் கன அளவு கூடி, அழுத்தம் ஏறுகிறது. தானியம், பயறு, காய், கனி ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமோ, சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுவதோடு குழாய்களின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. தீட்டிய அரிசியில் இச்சத்து குறைவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் பொட்டாசியம் சுமார் 108 மில்லிகிராம். கம்பிலோ சுமார் 365. நார்ச்சத்தும் மக்னீசியமும் கம்பில் பன்மடங்கு மிகுதி. அந்தக் கம்பு எங்கிருந்தோ வரவேண்டியதில்லை. விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மானாவாரியாக விளைவது. உளுந்தும் பாசிப்பயறும் அங்கேயே விளைகின்றன.

ஒரே ஒரு பொருள் கொதிப்பைத் தீர்க்கும் என்று தேடுவதைவிட, இலை முழுவதையும் மாற்றுவதே பயன் தருவது. அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடந்து 1997இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. காய், கனி, முழுத் தானியம், பயறு, கொட்டைகள், கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றை மிகுதியாக உண்ட கொதிப்பு நோயாளருக்கு, எட்டே வாரங்களில் மேல் அழுத்தம் ஏறக்குறைய 11 புள்ளி இறங்கிற்று. உப்பையும் குறைத்தபோது மேலும் இறங்கியதை அதன் தொடர்ச்சியாக 2001இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த உளுந்தஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் நீக்காத கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், சிறிது தேங்காய்; தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். முழுப் பயறும் விதையும் ஒரே வேளையில் கூடுகின்றன. வறுத்த எள்ளின் மணமும் புளியின் சுவையும் இருக்கையில் உப்பு குறைந்ததை நாக்கு அவ்வளவாகப் பொருட்படுத்தாது. எள் கொதிப்பைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை. அவற்றை நம்பி மாத்திரையைக் கைவிடலாகாது. ஆயினும் உணவென்ற முறையில் எள் சிறந்ததே. ஆளி விதைதான் வேண்டுமென்போர் அதைப் பொடித்தே உண்ணவேண்டும். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் செரியாமல் வெளியேறிவிடும். உப்பிட்டு வறுத்துப் பொட்டலமாக விற்கும் கடலையும் முந்திரியும் இக்கணக்கில் சேரா.

கருவாட்டை அறவே விடச் சொன்னால் இக்கரையில் யார் கேட்பார்? நாமே கேட்கமாட்டோம். வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் கழுவிச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதியேனும் போகும்; அக்குழம்பில் தனியே உப்பிடத் தேவையில்லை. கருவாடு வைக்கும் நாளில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். இதைச் சொன்னபோது அண்ணாச்சியின் மனைவி, "அப்பளத்தை நிறுத்திரலாம், அவரோட ஊறுகாயைத் தொட்டா சண்டைதான்" என்று சிரித்தார். மாத்திரையை மட்டும் அன்றிரவே தொடங்கிவிடுவதாக அண்ணாச்சி வாக்களித்தார்.

ஓர் எச்சரிக்கை. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது உண்மையே. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும், கொதிப்புக்கான சிலவகை மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் அவ்வுப்பை வாங்கலாகாது.