கணினிக்கு எழுத்தெண்ணக் கற்றுக்கொடுத்த கதை

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் 5 என்கிறது. யூனிகோட் முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும்.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் தேவைப்பட்டது? ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களின் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பெரட்டு, கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை... லயங்களை விட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபின் இவற்றைச் சொல்ல ஆள் குறைந்துவிட்டது. எந்தச் சொல் எந்த வரியில் வருகிறது என்று தேடித் தர, பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அதற்குப் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் நிரலின் பெயரையும் தேடும் சொல்லையும் தட்டினால், வரிகள் வந்து விழும்.

பைத்தானில் சொற்களைப் பிரிக்க ஒரு சுருக்குக் குறி உண்டு. ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்யும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று வெட்டிப் போடுகிறது! உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. எனவே, யூனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் சொல்லின் பகுதிதான் என்று விதியை மாற்றினேன்.

‘கொட்டகை’ இன்னும் பொல்லாதது. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம்; கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சொற்கள். தேடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர, பைத்தானிலேயே கருவி இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி, படிவம் மூன்றில் மனப்பாடம் செய்த குற்றியலுகரம். ‘பெரட்டு’ என்று தேடினால் ‘பெரட்டுக்கு’ கிடைக்கும், ‘பெரட்டில்’ கிடைக்காது. உயிர் வந்தால் உகரம் கெடும் அல்லவா? கணினியில் உகரக் குறி தனியாக நிற்பதால், கடைசிக் குறியை நீக்கிவிட்டுத் தேடச் சொன்னேன். ஒரே வரி நிரல். இரண்டும் சிக்கின. ‘காடு’ என்று தேடும்போது மட்டும் ‘காட்சி’யும் கூடவே வருகிறது, அதைக் கண்ணால்தான் கழிக்க வேண்டும்.

நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளில் தொடங்கிய வேலையின் பக்கத்தில் இது தூசு. எழுத்தெண்ண ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நிரலகமும் இருக்கிறது. ஆனாலும் நாமே எழுதினால்தான் புள்ளி எங்கே நிற்கிறது என்று தெரிகிறது.

இப்போது ‘தண்டல்’ வரிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் அது வசூல். நம் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குபவர். எந்த வரியில் எது என்று நிரலுக்குத் தெரியாது. பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.