யாருக்கு எந்த ஏடு?

"தொழிலாளிக்கு எதற்கய்யா ஆராய்ச்சி நூல்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தோழர்களே! கேட்பவர் கெட்டவரும் அல்லர். தொழிலாளியின் நலம் நாடுவதாகவே சொல்லிக்கொள்பவர். அவருடைய கணக்கு எளிது. பேராசிரியருக்கு ஆராய்ச்சி. இல்லத்தரசிக்குக் கதை. தொழிலாளிக்கோ தேர்வு வழிகாட்டியும், 'முன்னேறுவது எப்படி' என்று முந்நூறு பக்கம் உபதேசிக்கும் ஏடும்! ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளப்பதுபோல, அறிவையும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றுகிறார். அளவுப்படியை அவர் கையில் கொடுத்தது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருப்பெரும்புதூரைவிடத் தக்க இடம் இல்லை. 1017-இல் இவ்வூரிலே பிறந்ததாகச் சொல்லப்படும் இராமானுசர், 'எவருக்கும் சொல்லாதே' என்ற கட்டளையோடு ஆசான் உபதேசித்த மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோயிலின் மேலேறி ஊரறிய உரைத்தார் என்பது வைணவர் வழங்கிவரும் கதை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. மேலேறிய கால்கள்மீது மதிப்பு உண்டு!

அதே ஊரைச் சுற்றி இன்று என்ன நடக்கிறது? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உருவாகிறது. ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும், சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி. இந்த ஆலைகளுக்குள் போகிறவன் எழுத்தறியாதவனா? ஐ.டி.ஐ. முடித்தவன், டிப்ளமா பெற்றவன், பட்டம் வாங்கியவன். நுட்பமான இயந்திரத்தை நம்பி ஒப்படைக்கலாமாம். நல்ல நூலை மட்டும் ஒப்படைக்கலாகாதாம்!

சரி, எத்தகைய நூல்கள் வந்திருக்கின்றன என்று பார்ப்போம். 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற தமிழ் நூல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. ஆராய்ச்சி நூல்தான். எதைப் பற்றிய ஆராய்ச்சி? வ.உ.சி.யைக் கைது செய்தவுடன் திருநெல்வேலிச் சீமை கொதித்தெழுந்த வரலாறு. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றிருந்தனர். 2024 செப்டம்பரில் இதே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், ஒரு மின்சாதன ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவன் கையில் சேரவேண்டிய நூலா இது, பல்கலைக்கழக அலமாரிக்கு மட்டும் உரியதா?

நாவலைப் பாருங்கள். டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் கதை. 2012-இல் அகாதெமி விருது பெற்றது. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் கைவண்ணத்தில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. ஒப்பந்தக்காரனின் இனிக்கும் பேச்சை நம்பி மலையேறியவர்கள் மீளமுடியாமல் மாய்ந்த கதை. காண்ட்ராக்ட் என்ற சொல்லின் கனத்தை அறிந்தவனுக்கு அதில் ஒரு பக்கத்துக்கும் விளக்கவுரை வேண்டாம்!

அதற்காக, தொழிலாளிக்குத் தொழிலாளர் கதையே போதும் என்போமானால், நாமும் வேறோர் அளவுப்படியைக் கையில் எடுத்தவர்கள் ஆவோம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் இளைஞனுக்கு, தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய 'அழகர் கோயில்' வேண்டும். தான் பிறந்ததிலிருந்து பார்த்த திருவிழாவில் எந்தச் சாதிக்கு எந்த உரிமை, அது எப்படி வந்தது என்று அதில் படித்துவிட்டு, அடுத்த சித்திரைக்கு ஊருக்குப் போனால் அவன் கண் வேறு எதையோ பார்க்கும். அவனுக்கு வானியல் வேண்டும், காதல் கதை வேண்டும், துப்பறியும் கதையும் வேண்டும். தேர்ந்தெடுப்பது அவன் வேலை.

உழைப்பவனுக்கு நூல் மேல் ஆசை கிடையாது என்பவர்கள் கியூபாவைக் கேட்கட்டும். 1865 முதல் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளர் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மேடைமேல் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்தார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்! மறு ஆண்டே ஆட்சியாளர் தடை போட்டனர்; அஞ்சினார்கள் அல்லவா? கியூபா தொலைவு என்றால் கண்ணூர் அருகில்தான். அங்கே பீடித் தொழிலாளரில் ஒருவர் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சலூனிலும் தேநீர்க் கடையிலும் படிப்பகம் வைத்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை.

ஆனால் ஒரகடத்தில் அப்படிப் படிக்க முடியாது. அசெம்பிளி லைனில் கை ஓய்ந்தால் வரிசையே நிற்கும். ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்சில் தூங்கி, அறைக்கு வந்து சேரும்போது ஊர்ப்புற நூலகம் பூட்டியிருக்கும். காலையில் சில மணி, மாலையில் சில மணி என்று வகுத்தவர்கள் மூன்று ஷிப்டை அறியாதவர்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் பேரறிஞர் அண்ணா பெயரால் எழுந்த நூற்றாண்டு நூலகம் நமக்குப் பெருமைதான். இரவு ஷிப்டு முடித்தவன் அங்கே போய் வருவதற்குள் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிடும். 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்று வானொலியில் பேசிய அண்ணா பிறந்த காஞ்சி மாவட்டத்திலேதான் இந்த நிலை. விலை கொடுத்து வாங்கலாமே என்பார் சிலர். நாலு பேர் பங்குபோட்டு வாடகை கொடுக்கும் அறையில், ஐந்நூறு ரூபாய் நாவல் யார் கணக்கில் ஏறும்?

பணம் இல்லையா? விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், 1948-இல். அதன்படி சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி இன்று வசூலாகிறது. வாடகை அறையில் இருப்பவன் வரி கட்டவில்லை என்று எண்ணாதீர்கள். வீட்டுக்காரர் கட்டும் வரி எங்கிருந்து வருகிறது? வாடகையிலிருந்து! வசூலித்ததை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைக்கும் உள்ளாட்சிகள் உண்டு என்பதும் ஊரறிந்த செய்தி. அது மற்றவர் பணமல்ல, படிப்பவன் பணம்.

1931-இல் மன்னார்குடியில் நூலகவியல் மேதை எஸ்.ஆர். அரங்கநாதன் தொடங்கிவைத்த நூலகம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போயிற்று. மாட்டு வண்டிக்கு முடிந்தது மோட்டார் வண்டிக்கு முடியாதா? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரைவிடப் பெரிது! அந்த வாசலுக்கு வாரம் இருமுறை நூல் வண்டி வரட்டும். ஷிப்டு மாறும் நேரத்தில் வரட்டும்.

மே 1 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே அதன் உறுப்பினர். வெளியூர்த் தோழர்களின் பெயர் பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும். ஆகவே உள்ளூர்க் கழகத் தோழர்கள் எழுந்து பேசவேண்டும். நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு ஒப்படைப்பு என்று கேளுங்கள். நூல் வண்டி கேளுங்கள். வண்டியில் ஆராய்ச்சி நூலும் நாவலும் அருகருகே இருக்கவேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். மனுவுக்குக் கையெழுத்து வாங்கும்போது இரண்டாம் ஷிப்டுக்காரர்களை விட்டுவிடாதீர்கள். இரவு பத்தரைக்கு மேல்தான் அவர்கள் தெருமுனை டீக்கடைக்கு வருவார்கள்.