பன்னாட்டு ஆய்வு மையங்களின் ஆண்டுப் பணியும் செட்டிநாட்டுக் கணக்கேடுகளும்

பன்னாட்டு உறவாய்வு பெரும்பாலும் அரசு ஆவணங்களையே சான்றாகக் கொள்கிறது. அவை விட்ட இடத்தை வட்டார ஆவணங்கள் நிரப்பும் என்பதற்குச் செட்டிநாடு தக்க எடுத்துக்காட்டாகும். கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தின் 6 விழுக்காடு நகரத்தார் வசமிருந்தது. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனடைக்க இயலாத உழவர்களின் அடைமான நிலங்கள் வட்டிக்கடைகளைச் சேர்ந்தன. இவ்வெண்களை அரசுக் குழுவின் அறிக்கை தருகிறது. எந்தக் கடை, யாருக்கு, என்ன வட்டிக்குக் கடன் தந்தது என்பதைக் கடைப் பேரேடுகளே காட்டவல்லன.

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய அச்சு நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாகப் பயன்படுகின்றன. வீடுகளில் எஞ்சிய கணக்கேடுகளும் அவ்வாறே காக்கப்படுதல் வேண்டும். ஏடு அழியின் கடன்பட்ட பர்மிய உழவரின் பெயரும் அழியும். ஆதலின் இவ்வட்டார ஆய்வு மையங்களின் ஆண்டுப் பணித்திட்டத்தில் ஏடு திரட்டலும் அட்டவணைப்படுத்தலும் முதலிடம் பெறுதல் தகும்.