ஓசூர்க் குளிருக்கு ஏற்ற ஆப்பிள் பை

பை என்றதும் கடைக்குக் கொண்டு போகும் துணிப்பையை நினைத்து விட வேண்டாம். இது தின்கிற பை! கீழே மாவு, மேலே மாவு, நடுவே ஆப்பிள். அனலில் வெந்து பொன்னிறமாக வெளியே வரும் வெள்ளைக்காரர் வீட்டுப் பலகாரம்.

இதை ஓசூரில் செய்ய முடியுமா? முடியும். சொல்லப் போனால், தமிழ்நாட்டில் இந்தப் பலகாரத்துக்கு மிகவும் தோதான ஊர்களில் ஓசூரும் ஒன்று. அதற்குக் காரணம் உண்டு.

மூன்று மொழி, ஒரு பலகாரம்

ஓசூர் எல்லை ஊர். பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். 1980இல் மொபெட்டும் லாரியும் செய்யும் ஆலைகள் இங்கே வந்தன. பிறகு டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தது. வேலை தேடிப் பல ஊர் மக்கள் குடியேறினார்கள். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும்.

உகாதி வந்தால் தமிழ் வீட்டில் போளி, கன்னட வீட்டில் ஒப்பட்டு, தெலுங்கு வீட்டில் பொப்பட்டு. பெயர்தான் வேறு. மாவுக்குள் இனிப்பை ஒளித்து வைக்கும் வித்தை ஒன்றே. பெங்களூரு பேக்கரிகளில் தேங்காய்ப் பூரணம் வைத்து வேகவைத்து, முக்கோணமாக வெட்டிக் கொடுக்கும் 'தில்பசந்த்' எல்லாருக்கும் தெரியும். அதைத் தின்றவர்களுக்கு ஆப்பிள் பை அந்நியம் அல்ல.

சர்க்கரை இல்லாத பை

இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆப்பிள் பை செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஆப்பிளோடு பேரிக்காய், அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, குங்குமப்பூ எல்லாம் உண்டு. சர்க்கரை மட்டும் இல்லை! அன்று அது கிடைத்தற்கரிய பொருள். பழத்தின் இனிப்பே போதும் என்று விட்டு விட்டார்கள்.

அமெரிக்கர்கள் இதைத் தங்கள் தேசியப் பலகாரம் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் நாம் தின்னும் ஆப்பிள் அமெரிக்காவில் பிறந்தது அல்ல. அதன் தாயகம் மத்திய ஆசிய மலைகள்.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1904இல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்ற மலைக்கிராமத்தில் தங்கினார். 1916இல் அமெரிக்காவிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். அந்த மலைமக்களின் வாழ்வே மாறியது. அவர் விடுதலைப் போரில் சேர்ந்து 1921இல் சிறை சென்றார். பின்னாளில் சத்யானந்த் என்று பெயரையும் மாற்றிக் கொண்டார்.

ஆனால் ஒரு சங்கதி. ரெட் டெலிஷியஸ் தின்ன நல்லது. பைக்கு அவ்வளவாக ஆகாது. புளிப்பு குறைவு. வெந்தால் குழைந்து விடும். பைக்குக் கெட்டியான, புளிப்பான பச்சை ஆப்பிள் வேண்டும். அது விலை அதிகம் என்றால், சிவப்பு ஆப்பிளில் கெட்டியானதாகப் பொறுக்கி, ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொள்ளலாம்.

வெண்ணெய் உருகக் கூடாது

பையின் உயிர் மேல்மாவில் இருக்கிறது. அது அடுக்கடுக்காக நொறுங்க வேண்டும். அங்கேதான் பலர் தோற்கிறார்கள். ஒரு கிலோ ஆப்பிளும் கால் கிலோவுக்கு நெருங்கிய வெண்ணெயும் வீண் போனால் எந்தக் குடும்பத்துக்கும் வயிறு எரியாதா?

சூட்சுமம் இதுதான். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. குளிர்ந்த வெண்ணெய் சிறு துண்டுகளாக மாவுக்குள் கிடந்தால், அனலில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கும். அடுக்கு விழும். வெண்ணெய் முன்கூட்டியே உருகி மாவில் கலந்து விட்டால் அடுக்கு ஏது? நெய்யில் தண்ணீரே இல்லை. அதனால் நெய் விட்டால் மணக்கும், பொடியும், அடுக்கு வராது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை நேரத்தில் சமையலறை குளுகுளு என்றிருக்கும். 50 கிலோமீட்டர் தள்ளி, மலை இறங்கிக் கிருஷ்ணகிரிக்குப் போனால் வெயில் வாட்டும். அங்கே இருப்பவர்கள் பொழுது புலரும் முன்பே மாவு வேலையை முடித்து விடுவது உத்தமம்.

செய்வது எப்படி?

மைதா 300 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 180 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் மாவில் உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே தெரிய வேண்டும். பிறகு ஐஸ் தண்ணீர் ஆறேழு மேசைக்கரண்டி தெளித்து, ஒன்று சேர்த்தால் போதும்.

இங்கே நம் தாய்மார்களின் கை ஏமாற்றி விடும்! சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் அடித்துப் பிசைந்து பழகிய கை அல்லவா? பைமாவைப் பிசையவே கூடாது. பிசைந்தால் ரப்பர் போல் இழுக்கும். வெந்தபின் கட்டையாகி விடும். இரண்டு உருண்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, மெல்லிய துண்டுகளாக்கி, 100 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், எலுமிச்சைச் சாறு கலந்து அரை மணி வைத்தால் சாறு இறங்கும். அதை வடித்து, பாகு போல் சுண்டக் காய்ச்சி, ஆறியதும் பழத்தில் திரும்ப ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி கான்பிளவர் மாவு கலக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் வீட்டுப் பையின் அடிமாவு சொதசொதவென்று போகும்.

அலுமினியத் தட்டில் ஒரு மாவைப் பரப்பி, பழத்தை நிரப்பி, மற்றொன்றால் மூடி, ஓரத்தைச் சோமாசிக்கு மடிப்பது போல் மடிக்கலாம். மேலே நான்கு கீறல் அவசியம். ஆவி போக வழி வேண்டுமே! முன்னமே சூடாக்கிய மின் அடுப்பில் 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180 டிகிரியில் 40 நிமிடம்.

மின் அடுப்பு இல்லாதவர்கள் உப்புக் கொட்டிய கனத்த பாத்திரத்தில் வேகவைப்பது உண்டு. அனல் கீழிருந்தே வருவதால் மேல்மாவு வெளுத்தே இருக்கும். அதைவிட, மாவைச் சோமாசி அளவில் மடித்து, கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்து, திருப்பித் திருப்பிச் சுடுவது மேல். பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றுவது குக்கருக்குக் கேடு.

மாங்காயும் ஆகும்

ஆப்பிளுக்கு இமயம் வரை போவானேன் என்று கேட்பவர்களுக்குக் கிருஷ்ணகிரியே பதில் வைத்திருக்கிறது. 'பெங்களூரா' என்று பெயர். கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். பெயர் பெங்களூருக்கு, விளைச்சல் கிருஷ்ணகிரிக்கு! மாங்கூழ் ஆலைகள் பெரிதும் வாங்குவது இதைத்தான். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் இதன் விலை படுவீழ்ச்சி அடைந்து, பறிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் கலங்கினார்கள்.

செங்காயான பெங்களூரா கெட்டியாக இருக்கும், புளிப்பும் உண்டு. பைக்கு வேண்டிய இரண்டு குணமும் இருக்கிறது. எலுமிச்சை வேண்டாம். சர்க்கரை மட்டும் அரைப் பங்கு கூட வேண்டும். பட்டைக்குப் பதில் ஏலக்காயும் சிறிது சுக்கும் பொருந்தும்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டினால் பழம் வழிந்தோடி விடும். இரண்டு மணி நேரமாவது ஆற வேண்டும். குழந்தைகள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். அவர்களுக்காக, ஓரத்தில் வெட்டி எடுத்த மிச்ச மாவில் சர்க்கரை தூவிச் சுருட்டி, அதே அனலில் கால் மணி வைத்துக் கொடுத்து விடலாம்.