காற்றிலே தடைப்படும் படம்

டேப்லெட்டிலே தெளிவாக ஓடும் படம் தொலைக்காட்சிப் பெட்டியிலே தோன்ற மறுக்கிறதா? புதிய பெட்டி வாங்க விரையுமுன் காரணத்தை நாம் ஆராய்வோம்.

இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இணைந்துள்ளனவா என்பதையே முதலிற் கவனித்தல் வேண்டும். ஒன்று விருந்தினருக்கென ஒதுக்கிய இணைப்பில் இருப்பின், பெரும்பாலும் அவை ஒன்றையொன்று அறியா.

படம் இடையிடையே நின்றுவிடுமாயின், வழியிலே நெரிசல் இருக்கலாம். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. அடுக்களையிலே உணவு சூடாகும் வேளையிற் கூடத்திலே படம் தடுமாறுவது இதனாலேதான். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறினால் இத்தொல்லை குறையும். ஆயினும், அவ்வலை சுவர்களை ஊடுருவும் வலிமை குறைந்தது. ஆதலால் ரவுட்டர் அதே அறையில் இருத்தல் நன்று.

இன்னொன்று: யூடியூப் பாடங்களைக் 'காஸ்ட்' செய்யும்போது டேப்லெட் வழிகாட்டி மாத்திரமே, தொலைக்காட்சியே படத்தை இணையத்திலிருந்து நேரே பெறுகிறது. திரையை அப்படியே காட்டும் முறையிலோ டேப்லெட்டே முழுச் சுமையையும் தாங்குகிறது. மாணவர்க்கு முன்னையதே ஏற்றது.

இவை பயனளியாவிடின், கருவிகள் மூன்றையும் அணைத்து, ரவுட்டரை முதலில் இயக்குங்கள். செலவில்லாத இம்மருந்தே பல வேளைகளில் நோயைத் தீர்த்துவிடும்!