மோதாமலே ஓர் அதிர்ச்சி அலை

என் பழைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: "காந்தப்புலம் கூடினால் அதிர்ச்சி அலை பலவீனமாகும்." போன வாரம் அதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது, பாதி உண்மையைத்தான் எழுதி வைத்திருக்கேன்.

முதலில் காற்றை எடுத்துக்குவோம். ஒலியைவிட வேகமாக ஒரு விமானம் வந்தால், அது வருகிற சேதி முன்னால் இருக்கும் காற்றுக்குப் போய்ச் சேராது. காற்று திடீரென்று நெருக்கப்பட்டுச் சூடாகும். அதுதான் அதிர்ச்சி அலை. அங்கே வேலை செய்வது மூலக்கூறுகளின் மோதல்.

சரி, இப்போ விண்வெளிக்குப் போவோம். சூரியக் காற்று என்கிற பிளாஸ்மா, நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்தான். ஒன்றோடொன்று மோதணும்னா ஏறக்குறைய 15 கோடி கி.மீ. பயணம் பண்ணணும்; சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் அது! ஆனாலும் பூமிக்கு முன்னால், சுமார் 90,000 கி.மீ. தள்ளி, வில் மாதிரி வளைந்த ஓர் அதிர்ச்சி அலை எப்போதும் நிற்கிறது.

மோதாமல் எப்படி? இங்கேதான் காந்தப்புலம் வருகிறது. மின்னூட்டம் உள்ள துகளை அது வளைத்துத் திருப்பும். சூரியக் காற்றில் இருப்பது வெறும் 5 நானோடெஸ்லா அளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் புரோட்டானை வட்டமடிக்க வைத்தால் ஆரம் சுமார் 800 கி.மீ. 15 கோடி எங்கே, 800 எங்கே! மோதல் செய்ய வேண்டிய வேலையைக் காந்தப்புலம் செய்துவிடுகிறது.

அப்போ என் பழைய வரி? புலம் கூடினால் பிளாஸ்மாவில் அலைகள் வேகமாக ஓடும், சேதி முன்கூட்டியே போகும், அதிர்ச்சி தணியும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சுவரைக் கட்டுவதே காந்தப்புலம்தான் என்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் விட்டிருக்கேன்: கோணம். புலக்கோடுகள் சுவருக்கு இணையாகப் படுத்திருந்தால், திருப்பி அனுப்பப்பட்ட துகள் வட்டமடித்து மறுபடியும் சுவருக்கே வந்துவிடும். சுவர் மெல்லியதாக, தெளிவாக இருக்கும். கோடுகள் சுவரைக் குத்திக்கொண்டு போனால், துகள்கள் அந்தக் கோடு வழியே முன்பக்கம் தப்பி ஓடி, வருகிற காற்றையே கலக்கிவிடும். எல்லை எதுன்னு சொல்லவே கஷ்டம். பூமிக்கு அருகே சூரியப் புலம் சுமார் 45 பாகை சாய்ந்து வருவதால், ஒரே வில்லின் மாலைப் பக்கம் பெரும்பாலும் முதல் ரகம், காலைப் பக்கம் இரண்டாவது ரகம்.

இது பூமியோடு முடியற கதை இல்லை. 1006இல் மனிதர்கள் வெறுங்கண்ணால் பார்த்த சூப்பர்நோவாவின் மிச்சம், எக்ஸ் கதிரில் எதிரெதிரான இரண்டு ஓரங்களில் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அங்கேதான் எலக்ட்ரான்கள் மிகப் பெரிய ஆற்றலுக்கு முடுக்கப்படுகின்றன. ஏன் இரண்டு ஓரம் மட்டும் என்பதற்கு இப்போது வலுவாகச் சொல்லப்படும் விளக்கமும் காந்தப்புலத்தின் திசைதான்.

பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதியிருக்கேன்: "எவ்வளவு புலம் என்று மட்டும் கேட்காதே, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்றும் கேள்."