ஒற்றையடிப் பாதையும் ஊர் வருவாயும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குச் சென்று வந்த மாணவச் செல்வங்கள், கடைகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழியைக் கண்டிருப்பர். ஐந்தடி என்பது அதன் பெயர். நம் பெரியவர்கள் அஞ்சடி என்பர். 1822இல் இராஃபிள்ஸ் நகரமைப்புக்கு விதி வகுத்தபோது, வீடுகளின் முன்னே மக்கள் தடையின்றி நடக்க இத்தகைய வழி விடப்பட வேண்டும் எனப் பணித்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க உதவிய அவ்வழியில், நடந்தவர் நின்றார், நின்றவர் வாங்கினார். பெரிய கடை வைக்க இயலாத பூமாலை வணிகரும் அதன் ஓரத்தில் பிழைத்தனர். வண்டியில் விரைபவர் ஒரு முழம் பூவுக்காக இறங்குவது அரிது அன்றோ?

இவ்வுண்மை நாட்டுப்புறத்துக்கும் பொருந்தும். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் நீரிணையில் புலாவ் ஊபின் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். சாங்கிப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். கால் மணி நேரத்துக்குள் கரை சேரலாம். அத்தீவின் செல்வம் கருங்கல். 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்துக்கும் அங்கிருந்து கல் சென்றது. நம் இளைஞர் பலர் விடியுமுன் வேலைக்குக் கடப்பது அந்தப் பாலத்தைத்தான்.

கல்லுடைப்பும் ரப்பரும் இருந்தவரை அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பின்னர் வேலை குறைந்தது. குடும்பங்கள் பெருநிலத்துக்குப் பெயர்ந்தன. 1985இல் பின் கியாங் பள்ளி மூடப்பட்டது. 1999இல் கடைசிக் கற்குழியும் ஓய்ந்தது. பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடுதல் என்பதைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் வெறும் செய்தியாகப் படிக்க இயலாது.

இன்று அத்தீவில் எஞ்சியுள்ள ஊருக்கு வருவாய் தருவோர் நகரத்திலிருந்து வரும் விருந்தினரே. அவர்கள் துறைமுகத்தருகே மிதிவண்டியை வாடகைக்கு எடுப்பர், மண்பாதைகளில் சுற்றுவர், இளநீர் பருகுவர், உணவகத்தில் உண்டு திரும்புவர். பாதை இல்லையேல் மிதிவண்டிக் கடை இல்லை. பாதை காப்பும் ஆகும். தீவின் கிழக்கு முனையான செக் ஜாவாக் கடற்கரையை மண்ணிட்டு மேடாக்கும் திட்டம் 2001 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வமயம் அதைக் காணத் திரண்டவர்களின் கால்பட்டே கடலுயிர்கள் நசுங்கின. ஆகவே 1 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நடைபாலம் அமைத்து 2007இல் திறந்தனர். மேலே மனிதர் நடக்கக் கீழே நண்டுகள் தம் போக்கில் உலவுகின்றன.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஊபினில் இவ்வசதிகள் பெருகியபோது ஊரார் பெரும்பாலோர் போய்விட்டனர். பாதை போனவரைத் திரும்ப அழைக்கவில்லை, இருந்தவருக்கே பயன்பட்டது.

மக்கள் இன்னும் வாழும் தோட்டங்களில் பாதை என்ன செய்யும் என்பதற்கு இலங்கை மலையகம் நல்ல எடுத்துக்காட்டு. கண்டியையடுத்த ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பெக்கோ நடைவழி செல்கிறது. தேயிலைக்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வெட்டப்பட்ட பழைய தடங்களை இணைத்ததே அது. அங்கும் நம் இனத்தவரே கொழுந்து பறிக்கின்றனர். நடந்து களைத்தவர் துரை பங்களாவில் மட்டும் தங்கினால் லயத்துக்கு என்ன கிடைக்கும்? லயத்து வீட்டில் ரொட்டியும் தேநீரும் வாங்கி, தோட்டத்து இளைஞனை வழிகாட்டியாகக் கொண்டால் மட்டுமே பணம் தொழிலாளர் கையில் தங்கும்.

நம் தோட்டத்திலும் கோயிலிலிருந்து பால்மரங்களினூடே ஆற்றங்கரைக்குச் செல்லும் பாதை இருக்கிறது. மழைநீர் வடிய ஓரத்தில் கால்வாய், ஓடையின் மேல் கைப்பிடியுள்ள பலகைப் பாலம், தமிழிலும் மலாயிலும் ஒரு வழிகாட்டிப் பலகை ஆகியவை அதற்குத் தேவை. நிலம் நிர்வாகத்துக்கு உரியது. ஆதலின் முதலில் அவர்கள் இசைவைப் பெற வேண்டும். பலகையில் எழுதவேண்டிய மரங்களின் பெயர்களை ஆறாம் ஆண்டு மாணவர்கள் இப்போதே திரட்டத் தொடங்கலாம்.